இளைப்பாறியோர் பயணமும் தீவகத்துப் பறவைகளும்

உத்தியோகத்தினின்றும் நீங்குதலை நம் நாட்டில் இளைப்பாறுதல் என்று வழங்குகின்றோம். இச்சொல் சிந்தித்தற்குரியது. வழிநடந்து களைத்தவன் ஒரு மரநிழலிற் சற்று அமர்ந்து, களைப்புத் தீர்ந்தபின் எழுந்து மேலும் நடப்பதற்காகவே இளைப்பாறுகின்றான். நடையை அடியோடு விட்டவனை இளைப்பாறுகின்றான் என்று யாரும் கூறார். ஆகவே இளைப்பாறுதல் என்னுஞ் சொல்லின் உள்ளேயே இன்னும் நடக்கவேண்டிய வழி ஒன்று எஞ்சிக் கிடக்கின்றது.

அவ்வழி யாது? பிள்ளைகளை ஆளாக்கி, கடன் தீர்த்து, அறுபது வயதைக் கடந்த கணவனும் மனைவியும் தமக்கென எஞ்சிய காலத்தை எங்ஙனம் கழித்தல் வேண்டும்? தொல்காப்பியர் கற்பியலில் இதற்கு விடை கூறியுள்ளார். இல்வாழ்வின் கடைப்பகுதியில் தலைவனும் தலைவியும் சுற்றத்தோடு கூடி இருந்து சிறந்ததைப் பயிலுதலே இல்லறத்தின் பயன் என்பது அவர் கருத்து. சிறந்தது என்பதற்கு வீட்டுநெறி என்று உரைகாண்பர். ஈண்டு நாம் நோக்கவேண்டியது பயிலுதல் என்னுஞ் செயலை. முதுமை ஓய்ந்திருக்குங் காலமன்று. கற்குங் காலம் என்பதும், அக்கல்வி கணவனும் மனைவியும் சேர்ந்து கற்கும் கல்வி என்பதும் இதனாற் பெறப்படும். அத்தகைய கல்விகளுள் ஒன்றாகிய பறவை நோக்கற் பயணத்தையும், அதற்கு நம் தீவகம் எத்துணை உகந்த இடம் என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுவாம்.

வீட்டு வண்டியும் கூடார வண்டியும்

மேனாடுகளில் இளைப்பாறிய தம்பதியர் வீட்டு வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நாடு சுற்றப் புறப்படுதல் பெருவழக்கு. உறங்கக் கட்டில், சமைக்க அடுப்பு, நீர்த்தொட்டி, குளியலறை யாவும் ஒரே மோட்டார் வண்டியில் அமைந்திருக்கும். அல்லது சிறு வண்டியின் பின்னே இழுத்துச் செல்லப்படும் கரவனாக இருக்கும். அவுஸ்திரேலியாவில் இவ்வாறு கண்டத்தைச் சுற்றிவரும் முதியோரை நரைத்த நாடோடிகள் என்று அன்போடு அழைக்கின்றனர். கனடாவிற் பனிக்காலம் தொடங்கியதும் தெற்கே புளோரிடா முதலிய வெப்பமான இடங்களை நாடிச் செல்லும் முதியோருக்குப் பனிப்பறவைகள் என்றே பெயர். மனிதருக்குப் பறவைப் பெயர் வாய்த்தது பொருத்தமே. இருசாராரும் குளிருக்கு அஞ்சித் தெற்கே போய், வெயில் திரும்பியதும் வடக்கே மீள்கின்றனர்.

இவர்களுட் பலர் வெறுமனே சுற்றித் திரிவதில்லை. அமெரிக்காவின் வனவிலங்குப் புகலிடங்களில் இளைப்பாறியோர் தம் வீட்டு வண்டியை நிறுத்திச் சில மாதங்கள் தங்கி, பறவைகளை எண்ணியும், பாதைகளைத் துப்புரவு செய்தும், வருவோருக்கு வழிகாட்டியும் ஊதியமின்றித் தொண்டு செய்கின்றனர். வண்டி நிறுத்த இடமும் மின்சாரமும் புகலிடத்தார் அளிப்பர். பயணமும் படிப்பும் தொண்டும் ஒன்றாகும் நெறி இது.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. எம் பாட்டன்மார் காலத்தில் கூடாரமிட்ட மாட்டு வண்டியில் அரிசி மூட்டையும் சமையற் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு, நல்லூருக்கும் மாவிட்டபுரத்துக்கும் செல்வச்சந்நிதிக்கும் குடும்பமாகச் சென்று, மரநிழலில் வண்டியை அவிழ்த்து, அங்கேயே சமைத்துண்டு, பலநாள் தங்கி மீண்டனர். அதுவும் ஒரு வீட்டு வண்டியே. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை கீழைக்கரை வழியே நடந்துசெல்லும் பாதயாத்திரையில் முதியோர் பலர் இன்றும் சேர்ந்துகொள்கின்றனர். உகந்தை முருகனைத் தொழுதபின் அவர்கள் புகும் காடு குமணை, யால வனங்களாகும். யானையும் மானும் மயிலும் நீர்ப்பறவையும் அவ்வழியிற் காட்சி தருகின்றன. வனவிலங்குகளைக் காணுதலும் இறைவனை நாடிச் செல்லுதலும் நம் மக்களுக்கு வேறுவேறு பயணமாகத் தோன்றவில்லை என்பது இதனால் விளங்கும்.

பறவைகள் வரும் வழி

தமிழிலக்கியம் பறவைகளின் வலசையை நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது. பிசிராந்தையார் புறநானூற்றில் விளித்த அன்னம், குமரித்துறையில் இரைதேர்ந்து வடமலைக்குப் பறக்கின்றது. அதற்குப் பேடையும் உண்டு. சத்திமுத்தப் புலவர் விளித்த செங்கால் நாரையும் தன் மனைவியோடு தெற்கே குமரியாடி வடக்கே மீள்வது. பிளந்த பனங்கிழங்கை அதன் அலகுக்கு உவமையாக்கினார் அப்புலவர். ஒடியற்கிழங்கைப் பிளந்து உலர்த்திய தீவகத்தாருக்கு அவ்வுவமையின் நயத்தை எடுத்துரைத்தல் மிகை. இரு பாடல்களிலும் பறவை தனித்துப் பறக்கவில்லை, இணையோடு பறக்கின்றது என்பதும், தெற்கே வந்து வடக்கே மீளுதல் அதன் இயல்பு என்று புலவர் அறிந்திருந்தனர் என்பதும் கவனித்தற்குரியன.

இற்றைநாள் அறிவியலார் அவ்வழியை மத்திய ஆசியப் பறப்புவழி என்பர். வடதுருவக் கரையிலும் சைபீரியாவிலும் மத்திய ஆசியப் புல்வெளிகளிலும் குஞ்சுபொரித்த பறவைகள், அங்கே பனி மூடத் தொடங்கும் முன்னரே தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. குளிரைக் காட்டிலும் உணவின்மையே அவற்றைத் துரத்துவது. நிலம் உறைந்துவிட்டால் மண்ணுள் வாழும் புழுவும் நத்தையும் அலகுக்கு எட்டா. 30 நாடுகளைத் தழுவிய இப்பறப்புவழியின் தென்முனையில் இலங்கை இருக்கின்றது. இலங்கைக்குத் தெற்கே தென்துருவம் வரை பெருநிலம் எதுவுமில்லை. ஆதலின் பல பறவைகளுக்கு நம் நாடு இடையில் தங்கும் மடமன்று. பயணத்தின் முடிவிடமே ஆகும்.

இப்பயணங்களின் நீளம் நம்பற்கரியது. 2021ஆம் ஆண்டில் மன்னாரிற் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள் இந்தியாவையும் மத்திய ஆசியாவையும் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரைக்குச் சென்றமையைக் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கள ஆய்வாளர் செய்மதி வாயிலாகக் கண்டறிந்தனர். பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை நம் தீவகத்துச் சேற்றுக் கரைக்கும் வருவது. அவ்வினத்தின் வேறொரு கிளையைச் சார்ந்த இளம்பறவை ஒன்று 2022ஆம் ஆண்டு அலாஸ்காவிலிருந்து தஸ்மேனியா வரை 13,560 கிலோமீற்றர் தூரத்தை 11 நாட்களில், ஓரிடத்தும் இறங்காமற் பறந்தது. உண்ணவில்லை, பருகவில்லை. புறப்படும் முன்னர் உடலிற் சேர்த்த கொழுப்பே அதற்குக் கட்டுச்சோறு. பிறந்து ஐந்து மாதமே ஆன அப்பறவைக்கு யாரும் வழிகாட்டவில்லை.

பரவைக்கடல் இடும் பந்தி

இத்துணைத் தொலைவு பறந்து வரும் பறவைகள் நம் தீவுகளை நாடுதற்குக் காரணம் என்ன? நம் கடலின் ஆழமின்மையே காரணம். வலிய கலங்கள் அணுகமாட்டாமையின் இதனைக் குறையென்று கருதுவோர் உளர். பறவைக்கோ அதுவே செல்வம்.

யாழ்ப்பாணப் பரவைக்கடலின் அடித்தளம் மிகச் சிறிதளவே சரிந்திருக்கின்றது. அதனால் நீர் ஒரு சாண் வற்றினாலும் பரந்த சேற்றுநிலம் வெளிப்படும். அச்சேற்றில் புழு, சிப்பி, நத்தை, சிறுநண்டு, இறால் என்பன நிறைந்துள்ளன. கடற்சாதாழை வளர்ந்த பகுதிகளில் மீன்குஞ்சுகள் பெருகுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வாடை பெயர்ந்து மழை பொழிந்ததும், கோடையில் வெடித்துக்கிடந்த தரவைகளிலும் குளங்களிலும் கேணிகளிலும் நன்னீர் தேங்குகின்றது. உவர்நீர் விரும்பும் பறவைக்கும் நன்னீர் விரும்பும் பறவைக்கும் அருகருகே பந்தி விரித்தாயிற்று.

அப்பந்தியில் இடச்சண்டை இல்லை. ஒவ்வொரு பறவையின் அலகும் ஒவ்வோர் ஆழத்துக்கு அளந்து செய்தாற்போல அமைந்துள்ளது. குறுகிய அலகுடைய சிறு உள்ளான்கள் சேற்றின் மேற்புறத்தைக் கொத்தும். நடுத்தர அலகுடையன விரலாழத்திற் புழுவைத் தேடும். அரிவாள் போல வளைந்து நீண்ட அலகுடைய பெரிய உள்ளான், நண்டின் வளையினுள்ளே அலகு முழுவதையுஞ் செலுத்தும். நெடுங்கால் உள்ளான் நீரினுள்ளே நடந்து இரைதேடும். பூநாரையோ தலையைக் கவிழ்த்து, அலகை மேல்கீழாக நீரில் வைத்து, நாவினால் நீரை இழுத்து வெளியேற்றி, நுண்ணிய உயிர்களை வடித்தெடுக்கும். அதன் இளஞ்சிவப்பு நிறம் பிறப்பில் வந்ததன்று. பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள நிறப்பொருள் உடலிற் சேர்ந்து இறகிற் படிவதனால் உண்டாவது. குஞ்சுப் பருவத்தில் அது சாம்பல் நிறமாகவே இருக்கும்.

ஈண்டு ஒரு செய்தியை வற்புறுத்திக் கூறவேண்டும். வலசைப் பறவைகள் புரட்டாதி, ஐப்பசியில் வந்து, பங்குனி, சித்திரையில் மீள்கின்றன. புலம்பெயர்ந்து வாழும் நம் பழைய மாணவரோ பெரும்பாலும் ஆனி, ஆடி, ஆவணியில் வருகின்றனர். அங்கே பள்ளி விடுமுறை. இங்கே நயினை நாகபூசணி அம்மன், நல்லூர்க் கந்தன் திருவிழாக்கள். அவர்கள் காணும் தீவகம் சோளகம் வீசும் வறண்ட தீவகம். தரவை வெடித்திருக்கும், குளம் காய்ந்திருக்கும், வடக்கிருந்து வந்த பறவைகள் போய்விட்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கனடாவில் உத்தியோகம் பார்த்து இளைப்பாறிய நம் பழைய மாணவர் ஒருவர் மனைவியாரோடு ஆனித் திருவிழாவுக்கு வந்திருந்தார். வீட்டு வண்டியில் ஏரிகளையும் புகலிடங்களையும் சுற்றி, தாங்கள் கண்ட பறவைகளை எழுதிவைத்த கொப்பி ஒன்றை அவ்வம்மையார் எமக்குக் காட்டினார். "அங்கை எவ்வளவோ பார்த்திட்டம், மாஸ்டர். பிறந்த ஊரிலை காகத்தையும் கொக்கையும் விட்டால் ஒண்டையும் காணேல்லையே" என்றார். "தை மாதம் வந்து பாருங்கோ, அக்கா" என்றோம். அவர்கள் வந்தனர். பிள்ளைகளின் விடுமுறையையும் மேலதிகாரியின் அனுமதியையும் எதிர்பார்க்கவேண்டிய நிலை இருவருக்கும் இல்லை. இளைப்பாறியோர்க்கு மட்டுமே வாய்க்கும் உரிமை அது. அனலைதீவில் அவர்கள் தங்கிய நான்கு நாட்களில் அக்கொப்பியில் ஊர்ப்பெயரின் கீழே மூன்று பக்கங்கள் நிரம்பின. சிறுவயதில் நாள்தோறும் நடந்த கரையில் நின்றுகொண்டு, இத்தனையும் அக்காலத்திலும் இருந்தனவா என்று அவர் கணவரைக் கேட்டார். இருந்தன; பார்க்கத்தான் நமக்குப் பொழுதிருக்கவில்லை என்பதே கணவரின் விடை.

பண்ணையிலிருந்து அனலைதீவு வரை

கொழும்பிலிருந்து வருவோர்க்குப் புகையிரதமே முதியோர்க்கேற்ற ஊர்தி. 1990ஆம் ஆண்டு நின்றுபோன யாழ்ப்பாணப் புகையிரதம் 2014ஆம் ஆண்டு மீண்டும் வந்தது. ஓய்வூதியம் பெறுவோர்க்குப் புகையிரத ஆணைச்சீட்டும் உண்டு. ஆனையிறவைக் கடக்கும்போது சாளரத்தருகே அமர்ந்திருத்தல் நன்று. இருபுறமும் உள்ள உவர்நீர்ப் பரப்பிலேயே பறவை நோக்கல் தொடங்கிவிடும்.

யாழ்ப்பாணத்திலிருந்து தீவகம் செல்லும் பண்ணைப் பாலவழியே முதற் பாடசாலை. விடியற்காலையில் வீதியோரம் நின்றால் வெள்ளைக்கொக்கும் நீர்க்காகமும் ஆலாவும் கைக்கெட்டுந் தூரத்தில் இரைதேடும். மண்டைதீவுப் புறத்தே மாரிக்காலத்திற் பூநாரைகள் கூட்டமாக நிற்றலுண்டு. தூரத்தில் ஒரு வெண்கோடு போலத் தோன்றுவது, எழுந்து சிறகு விரித்ததும் செந்நிறமுங் கருநிறமும் காட்டும். அதனைக் காண்போர் அது பறவைக் கூட்டமே என்று நம்பச் சிறிது நேரம் ஆகும்.

வேலணையிலும் புங்குடுதீவிலும் வயலும் தரவையும் பனங்கூடலும் விரவியுள்ளன. மழைநீர் தேங்கிய குளங்களில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தட்டைவாயனும் இறங்கும். பனங்கூடலில் நம் சொந்தப் பறவைகளைக் காணலாம். பனையோலையின் மடிப்பில் எச்சிலால் ஒட்டிக் கூடமைக்கும் பனை உழவாரனும், ஓலையின் நாரைக் கிழித்துத் தொங்குகூடு பின்னும் தூக்கணாங்குருவியும் பனையின்றி வாழ விரும்பா. கவுதாரியும் கரிச்சானும் இலங்கையின் வடக்கிலும் வடமேற்குக் கரையிலுமே சிறப்பாகக் காணப்படுவன. தெற்கிலிருந்து பறவை பார்க்க வருவோர் அவற்றைத் தேடி மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் நாடுகின்றனர். நாம் வேலியில் நாள்தோறும் காண்பது பிறர்க்கு அரும்பொருள்.

மாரி தொடங்கும்போது நம் வளவுகளுக்கு வரும் விருந்தினன் ஒருவனும் உளன். காலையும் மாலையும் ஆறுமணியளவிற் குரல்கொடுத்தலின் அவனுக்கு ஆறுமணிக்குருவி என்று நம்மவர் பெயரிட்டனர். பச்சை, நீலம், பழுப்பு, செம்மை எனப் பலநிறம் பூண்ட அக்குருவி இந்தியாவிலிருந்து இரவிற் கடல்கடந்து வருவது. மணிக்கூடு பார்த்து அழைப்பதாக நினைத்துப் பெயரிட்ட முன்னோர் கூர்ந்து கேட்டவர் என்பதில் ஐயமில்லை.

குறிகட்டுவான் இறங்குதுறையோடு தரைவழி முடிகின்றது. வீட்டு வண்டியானாலும் சொகுசு வண்டியானாலும் அங்கே நிற்கவேண்டியதே. அப்பாற் செல்வது வள்ளமும் இயந்திரப் படகும். அனலைதீவுக்கு அங்கிருந்தும் செல்லலாம், ஊர்காவற்றுறையிலிருந்தும் செல்லலாம். பாலமில்லாமை ஊரவர்க்குப் பெருந்துன்பம். நோயாளியை வாடைக்கடலில் ஏற்றிச் சென்றவர்க்கே அதன் கொடுமை விளங்கும். பாலம் இல்லாமையாற் பறவைக்கு அமைதி வாய்த்தது என்று கூறி அத்துன்பத்தை அழகுபடுத்த நாம் விரும்பவில்லை.

நயினாதீவுக் கடலிற் செல்லும்போது கருடனைப் பற்றிய ஐதிகத்தை நினையாதிருத்தல் இயலாது. அனலைதீவை அடுத்த புளியந்தீவிலிருந்து நாள்தோறும் பூவைக் கௌவிக்கொண்டு நீந்திச்சென்று அம்மனை வழிபட்ட நாகத்தை ஒருநாட் கருடன் தாக்க வந்தது. நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டது. கருடன் எதிரே வேறொரு கல்லில் அமர்ந்தது. அவ்வழி கப்பலில் வந்த வணிகன் கருடனை இரந்து நாகத்தைக் காத்தான் என்பர். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரண்டையும் இன்றும் காட்டுவர். அக்கருடனின் இனமாகிய செம்பருந்து, வெண்டலையும் செம்பழுப்புச் சிறகுமாக, இக்கடலின்மேல் இன்றும் வட்டமிடுகின்றது. கரையோரத்து மீனையும் நண்டையும் பாம்பையும் உண்பது அதன் இயல்பு. இக்கதையை முதலிற் சொன்னவர் கடற்கரையில் நின்று பறவையை நெடுநேரம் பார்த்தவராதல் வேண்டும்.

அனலைதீவை ஒல்லாந்தர் ரொட்டர்டாம் என்று அழைத்தனர். நம் தீவுகள் பலவற்றுக்கும் தம் நாட்டு நகரங்களின் பெயரையே இட்டனர். நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்பது மட்டும் ஆங்கில வழக்கிற் பரவலாக நிலைத்தது. அனலையோ தன் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. வயலும், புகையிலைத் தோட்டமும், பனங்கூடலும், ஐயனார் கோயிலும் கொண்ட சிறிய தீவு இது. முதியோர் ஒரு காலைப்பொழுதில் துவிச்சக்கர வண்டியிலோ முச்சக்கர வண்டியிலோ சுற்றிவரலாம். அறுவடைக்குப் பின்னர் வயலில் ஆட்காட்டியும் கொக்கும் அரிவாள்மூக்கனும் மேயும். கடல் வற்றும் நேரத்திற் கரைக்குச் சென்றால் உள்ளான் கூட்டங்கள் ஓடியோடிக் கொத்துதலைக் காணலாம். மாலையில் நீர் பெருகும்போது அவை யாவும் ஒரு மணற்றிட்டில் நெருங்கி நின்று, ஒற்றைக்காலில் உறங்கும். ஒரே நோக்கிற் பலவினத்தை ஒப்பிட்டுப் பார்க்க அதனினும் உகந்த வேளை இல்லை.

விலங்கு காண விழைவோர் நெடுந்தீவுக்குச் செல்லல் வேண்டும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுச்சென்ற குதிரைகளின் வழிவந்த கட்டாக்குதிரைகள் சில நூறு அத்தீவின் தெற்குத் தரவைகளில் உலவுகின்றன. 2015ஆம் ஆண்டு அங்கே 1,846 எக்டேயர் நிலம் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. கோடையில் நீர்நிலை வற்றும்போது அக்குதிரைகள் படுந் துயரம் பெரிது. மாரியிலோ புல்லும் நீரும் பெற்று, குட்டிகளோடு ஓடித் திரியும். ஒல்லாந்தர் கால ஓலைதாங்கும் புறாக்களுக்குக் கட்டிய புறாக்கூடும் அங்குள்ளது. ஒரு பறவையின் திசையறிவை நம்பி ஓர் அரசு ஓலை அனுப்பிய காலம் இருந்தது.

பார்க்கும் முறை

இக்கல்விக்கு வேண்டிய கருவிகள் சிலவே. இருகண் தொலைநோக்கி ஒன்று, கொப்பி ஒன்று, பென்சில் ஒன்று, தொப்பி ஒன்று, குடிநீர்ப் போத்தல் ஒன்று. முழங்கால் நோவுடையோர் மடக்குக் கதிரையும் கொண்டுசெல்லலாம். நூல் வேண்டுவோர்க்கு ஹென்றி என்பார் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கைப் பறவை நூல் இன்றும் பயன்படும். அதன்பின் வந்த படநூல்களும் பல.

பார்க்கும் வேளை, விடிந்தபின் இரண்டு மணிநேரமும், பொழுதுபடுமுன் இரண்டு மணிநேரமும். கடற்கரையில் வற்றையும் பெருக்கையும் அறிந்து செல்லல் வேண்டும். அதனை மீனவரிடங் கேட்டறிதலே எளிது. மாதங்களிலே தையும் மாசியும் சிறந்தன. வாடையின் சீற்றம் தணிந்து படகுப்பயணமும் முதியோர்க்கு இலகுவாகும். ஞாயிறு முதுகுப்புறத்தே இருக்குமாறு நிற்கவேண்டும். பறவையின் நிறத்தை முதலிற் பார்த்தல் தவறு. பருமன், அலகின் நீளமும் வளைவும், காலின் நீளம், நடை, பறக்கும்போது தோன்றும் சிறகுக்கோடு என்னும் ஒழுங்கிற் பார்த்தல் வேண்டும். நிறம் வெயிலில் மாறும், பருவத்தில் மாறும், அலகு மாறாது. எழுத்தை ஒலியாற் பகுத்து, சொல்லை இலக்கணத்தாற் பகுக்கும் மாணவனுக்கு இம்முறை கடினமன்று.

இருவர் சேர்ந்து பார்த்தல் மிக நன்று. ஒருவர் தொலைநோக்கியிற் கண்டதைச் சொல்ல, மற்றவர் எழுதுவர். ஒருவர் இதுதான் என்று துணிய, மற்றவர் ஐயுறுவர். நாற்பதாண்டு சேர்ந்து வாழ்ந்தவர்க்கு இவ்விரண்டும் பழகிய தொழிலே.

காப்பவர் யாவர்?

பறவையைத் துரத்திப் படமெடுத்தல் கூடாது. இதற்குக் காரணம் வெறும் இரக்கமன்று. பங்குனியில் வடக்கே மீளும் முன்னர் அவை இரவுபகலாக உண்டு கொழுப்புச் சேர்க்கின்றன. நாயோ மனிதரோ ஒருமுறை எழுப்பிவிட்டால், சேர்த்ததில் ஒரு பங்கு வீணாய்ச் செலவாகின்றது. பலமுறை எழுப்பப்பட்ட பறவை குறைந்த கட்டுச்சோற்றோடு புறப்பட்டு, பாதிவழியில் வீழ்ந்து மடியும். தீவகத்துக் கரையிற் செய்த தவறு சைபீரியாவிற் கூடு கட்டப்படாமையாக முடியும்.

இதனினும் பெரிய இடர்களும் உள. அறுந்த நைலோன் வலைகள் காலிற் சிக்கிப் பறவைகள் மடிகின்றன. நெகிழிப் பைகள் கண்டல்களைச் சூழ்ந்து கிடக்கின்றன. அண்மை ஆண்டுகளிற் கடலட்டைப் பண்ணைகளுக்கென ஆழமற்ற கடல் வலையால் அடைக்கப்படுகின்றது. மீனவரின் தொழிலைப் பற்றிய வழக்கு அங்கே எழுந்துள்ளது; நடந்து மேயும் பறவையின் வழக்கை எடுத்துரைப்பார் இலர். 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இந்திய நன்கொடையோடு நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரியவொளியாலும் காற்றாலும் மின்சாரம் ஆக்குதற்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. டீசல் இயந்திரத்தையே நம்பியிருந்த ஊரவர்க்கு இது வரவேற்கத்தக்க நன்மை. ஆயினும் காற்றாலையை எங்கே நடுதல் வேண்டும் என்பதைப் பறவைகள் எவ்வழி பறக்கின்றன என்றறிந்தன்றோ முடிவுசெய்தல் வேண்டும்? அதனை ஆண்டுதோறும் பார்த்து எழுதியவர் இருந்தாலன்றி யார் கூறுவர்?

சட்டம் மட்டும் போதாது என்பதற்குச் சான்றுகள் உள. அமெரிக்காவின் முதலாவது தேசியப் பறவைப் புகலிடம் 1903ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அதுவும் ஒரு தீவே. புளோரிடாவிற் சில ஏக்கர்ப் பரப்பேயுடைய பெலிக்கன் தீவு. சட்டம் வருமுன்னரே படகு கட்டும் தொழிலாளி ஒருவர், இறகுக்காகக் கூழைக்கடாவைச் சுடவந்தோரை நாள்தோறும் படகிற் சென்று தடுத்து நின்றார். போல் குறோகல் என்பது அவர் பெயர். சட்டம் வந்ததும் அவரே முதற் காவலரானார். தமிழகத்தின் வேடந்தாங்கலில் ஊரவரே தம் ஏரிப் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு எருவாகும் என்பது அவர்கள் அறிந்த உண்மை. நம் வடமாகாணத்திற் சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிலேயே சரணாலயமாயிற்று. மன்னாரின் வங்காலை 2010ஆம் ஆண்டு உலக முக்கியத்துவமுடைய ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பாக்குநீரிணைக்கு அப்பாலுள்ள கோடிக்கரையும் அத்தகையதே. இவற்றுக்கிடையே அதே பறவைகள் இறங்கும் நம் தீவகத்துக் கரைகளிற் பெரும்பகுதிக்கு ஊரவரின் கண்களே காவல். ஊரவர் பலர் போர்க்காலத்திலும் அதன் பின்னரும் புலம்பெயர்ந்தனர். பூட்டிய வீடுகளின் முற்றத்தில் ஆறுமணிக்குருவி இன்றும் நேரந் தவறாமல் அழைக்கின்றது, கேட்பவர் குறைந்துவிட்டனர்.

ஆதலின் பழைய மாணவராகிய உங்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். இளைப்பாறியபின் நாடு காணப் புறப்படுவோர் ஒருமுறையேனும் தை, மாசியில் இங்கே வாருங்கள். துணைவியாரையும் உடனழைத்து வாருங்கள். ஆண்டுதோறும் சனவரியில் ஆசியநாடுகள் எங்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. 1987இல் தொடங்கிய அப்பணியில் இலங்கையும் பங்குகொள்கின்றது. அதே மாதத்தில் நம் மாணவர் சிலரை உடனழைத்து, ஒரு கரையைத் தெரிந்து, அங்கே நின்ற பறவையின் இனத்தையும் தொகையையும் நாளையும் வேளையையும் எழுதிக் கல்லூரி நூல்நிலையத்தில் ஒப்படையுங்கள். ஓர் ஆண்டுக் கணக்கினாற் பயன் சிறிது. பத்தாண்டுக் கணக்கு ஒரு சான்று. இருபத்தைந்து ஆண்டுக் கணக்கு யாராலும் மறுக்கவொண்ணா ஆவணம்.

மாணவர்களே, அதற்குரிய கொப்பியைத் திறந்துவைக்கும் பொறுப்பு உங்களது. முதற் பக்கத்தில் அனலைதீவு என்று எழுதி, இவ்வாண்டுத் தை மாதத்து நாள் ஒன்றைக் குறியுங்கள். எஞ்சிய பக்கங்களை நிரப்பப் பறவைகள் தவறாது வரும், முதியோரும் வருவாராக.